மனவடுப்பட்டவர்களுக்கு யோகா: திருகோணமலையில் வகுப்பு நடத்தப் போகிறவர்களுக்கு

யோகா நன்றாகத் தெரிந்த யாரும் மனவடுப்பட்டவர்களுக்கும், அதாவது பயங்கரமான அனுபவத்தால் மனம் காயப்பட்டவர்களுக்கும், அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் சிக்கல். ஆசனம் அதேதான், மூச்சும் அதேதான், ஆனால் வகுப்பை நடத்துகிற விதம் முழுக்க வேறு. வழக்கமான வகுப்பில் ஆசிரியர் சொல்வார், எல்லோரும் செய்வார்கள், செய்ய முடியாதவரிடம் ஆசிரியர் போய் முதுகைப் பிடித்து நிமிர்த்திவிடுவார். இங்கே அது எதுவும் ஆகாது. இந்த வகுப்புக்கு வருகிறவருக்கு நடந்தது எதுவாக இருந்தாலும், ஷெல்லோ சுனாமியோ சுற்றிவளைப்போ வீட்டுக்குள் அடியோ, அவரைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. அதனால் உங்கள் வகுப்பில் நடக்கும் ஒவ்வொன்றும் அவரைக் கேட்டுக்கொண்டு நடக்கவேண்டும். கையைத் தூக்குவதா வேண்டாமா என்பதை அவரே முடிவெடுக்கும் அந்த ஒரு நொடிதான் வைத்தியம், ஆசனம் அதற்கு ஒரு சாட்டு. இதை ஒத்துக்கொள்ள முடியாத யோகா ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு வகுப்பு நிறைய உண்டு.

இதை எழுதுவது யோகா ஆசிரியர்களுக்கு, மாதர் சங்கங்களில் வேலை செய்கிறவர்களுக்கு, பிரதேச செயலகங்களில் இருக்கும் உளவளத்துணையாளர்களுக்கு. யோகா பற்றிக் கொஞ்சமாவது தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

யார் வருவார்கள்

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு யார் வரமாட்டார்கள் என்று பதில் சொல்வதுதான் சுலபம். 83, 85, 90 என்று கலவரமும் போரும் நடந்த ஆண்டுக் கணக்கிலேயே பேசுகிற ஒரு தலைமுறை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தது. 2006இல் சம்பூர்ப் பக்கத்துச் சனம் குண்டுவீச்சுக்குள் ஓடி, கிளிவெட்டி போன்ற முகாம்களில் வருடக்கணக்காகத் தகரக் கொட்டிலில் இருந்து, 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அதே 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கந்தளாய்க்குப் போனார்கள். இவற்றில் இரண்டு மூன்றை ஒரே ஆளே அனுபவித்திருப்பார். அதற்கு மேல் குடிகாரப் புருஷன், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் அடிபட்டு வந்த பிள்ளை, மைக்ரோ கடன்காரர் வாசலில் வந்து நின்று கத்துகிற அவமானம்.

ஆனால் இவர்களில் யாரும் "எனக்கு மனவடு" என்று சொல்லிக்கொண்டு வரப்போவதில்லை. பெருமூச்சு வருகிறது, நெஞ்சு அடைக்கிறது, தலையிடி, மேல் உளைவு, நித்திரை இல்லை, ஒரே யோசனை, இப்படித்தான் வருவார்கள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பியிருப்பார்கள். அதனால் வகுப்புக்கு "மனவடு சிகிச்சை" என்று பெயர் வைக்காதீர்கள். உடம்பு நோவுக்கும் நித்திரைக்குமான பயிற்சி என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. ஊரில் மனநோய் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் மகளுக்குக் கலியாணம் பேசும்போதுகூட அது வந்து நிற்கும்.

இது ஏன் வேலை செய்கிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். பயங்கரம் முடிந்து வருடங்கள் போனாலும் மூளையில் ஆபத்தை அறிவிக்கும் பகுதி ஓய்வதில்லை. கதவு படாரென்று சாத்தினால் இதயம் ஓடத் தொடங்கும், தோள் இறுகும், மூச்சு மேலே மேலே நிற்கும். "அதெல்லாம் முடிந்துவிட்டது அம்மா" என்று வாயால் சொல்லி இதை நிறுத்த முடியாது, ஏனென்றால் அந்தப் பகுதி பேச்சுக்குக் கட்டுப்படுகிற பகுதி இல்லை. ஆனால் உடம்பு வழியாக அதனிடம் போகலாம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது, வேகஸ் நரம்பின் வேலை அது. உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் உடம்பு மெல்ல இறங்கி வரும். இன்னொன்று, அடிபட்ட பலருக்குத் தங்கள் உடம்பே தெரிவதில்லை, பசி தெரியாது, கால் மரத்தது தெரியாது. மெதுவாக அசைத்து, அசைவதைக் கவனிப்பது அந்தத் தொடர்பைத் திரும்பக் கட்டுகிறது.

ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மற்றச் சிகிச்சைகளுக்கு மசியாத நாட்பட்ட மனவடு நோயுள்ள 64 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு மணிநேரமாக 10 வாரம் இந்த வகை யோகாவும், மற்றப் பகுதியினருக்கு அதே நேர அளவில் பெண்கள் உடல்நலம் பற்றிய வகுப்பும் கொடுத்தார்கள். கடைசியில் யோகா செய்தவர்களில் 52 வீதமானோர் அந்த நோயின் வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள், மற்றப் பகுதியில் 21 வீதம். இங்கே எங்கள் வடகிழக்கிலேயே, சுனாமி முடிந்த கையோடு 31 பிள்ளைகளோடு செய்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. நடந்ததைக் கதையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சையும் இரண்டுமே அதில் பலன் தந்தன. இரண்டையும் கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். ஆனால் அமெரிக்க ஆய்வில் யோகா மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. உங்கள் வகுப்பை நம்பி யாரும் குளிசையை நிறுத்தக்கூடாது, நிறுத்தச் சொல்கிற ஆசிரியரை ஊருக்குள் விடக்கூடாது.

இடம்

அழகான இடம் தேடாதீர்கள். கடற்கரையில், சூரியன் உதிக்கும்போது, அலைச் சத்தத்தோடு என்று உல்லாசப் பயணிகளுக்கு உப்புவெளியில் நடத்துங்கள். 2004இல் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய்க்கு அந்த அலைச் சத்தம் என்ன செய்யும் என்று யோசியுங்கள். கோயில் மடமும் எல்லோருக்கும் சரிவராது, கோணேசர் கோயிலுக்குப் போவதென்றாலே பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாமைத் தாண்டித்தான் போகவேண்டும், சிலர் அந்த வாசலையே தவிர்க்கிறார்கள். முன்பு முகாமாகவோ விசாரணை இடமாகவோ இருந்த கட்டடமா என்று ஊரில் வயது போனவர்களிடம் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். பாடசாலைகள்கூட ஒரு காலத்தில் அகதி முகாம்களாக இருந்தவைதானே.

முன்பள்ளிக் கட்டடம், வாசிகசாலை, சங்கக் கட்டடம் போதும். பார்க்கவேண்டியவை இவைதான்: உள்ளே இருந்து வாசல் தெரியவேண்டும், வாசலைப் பூட்டக்கூடாது, ஆனால் தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்க்க முடியாமல் ஒரு திரைச்சேலையாவது தொங்கவேண்டும். மலசலகூடம் பக்கத்தில் இருக்கவேண்டும், போவதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, நுளம்புத்திரி எதுவும் வேண்டாம், புகை மணம் யாரை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. விளக்கை அணைத்து இருட்டாக்குவதும் வேண்டாம்.

சத்தத்தை நீங்கள் முழுக்கத் தடுக்க முடியாது. விமானப்படைத் தளம் இருக்கும் சீனக்குடாப் பக்கம் ஹெலி எழும்பும், கோயில் திருவிழாவில் வெடி கொளுத்துவார்கள், கடலில் எவனாவது களவாக டைனமைட் போட்டு மீன் பிடிப்பான். அப்படி ஒரு சத்தம் வந்தால் கேட்காத மாதிரித் தொடராதீர்கள். நிறுத்தி, "அது கோயில் வெடி, எனக்கும் திடுக்கென்று இருந்தது" என்று பெயரைச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் விட்டுத் தொடருங்கள்.

நேரத்தை ஊர்தான் தீர்மானிக்கவேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற ஒன்பது மணி பெரும்பாலும் பெண்களுக்குச் சரி. மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கிற நாளில் பத்தரைக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே யாரையும் வைத்து எதுவும் செய்ய முடியாது. மாரியில் வருகை குறையும், அதற்காகக் குழுவைக் கலைத்துவிடாதீர்கள். கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆசிரியர். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதே இவர்களுக்குப் பாதி ஆறுதல். ஆறிலிருந்து பத்துப் பேர், 45 நிமிடம். பெண்கள் குழுவுக்குப் பெண் ஆசிரியர். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் இளம் தாய்மார் வரவே மாட்டார்கள்.

பெயர்ப் பட்டியலும் படமும்

இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. தொண்டு நிறுவனக் காசில் நடக்கும் வகுப்பு என்றால் வருகைப் பதிவேடு, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, பின்னால் பதாகை கட்டி ஒரு குழுப் படம் என்று கேட்பார்கள். தங்கள் பெயர் ஒரு பட்டியலில் ஏறியதால் என்ன நடந்தது என்று அறிந்த மனிதர்கள் இவர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் எழுதுங்கள், கூப்பிட விரும்புகிற பெயரை மட்டும் கேளுங்கள். படம் வேண்டவே வேண்டாம், செருப்புகளையும் பாய்களையும் மட்டும் எடுத்து அனுப்புங்கள், காசு தருகிறவருக்கு அது போதாது என்றால் அந்தக் காசு உங்களுக்கு வேண்டாம். "யோகா செய்து புன்னகைக்கும் பாதிக்கப்பட்ட பெண்கள்" என்று பேஸ்புக்கில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சீருடையோ சிவிலோ யாராவது வந்து வாசலில் நின்று என்ன கூட்டம் என்று விசாரித்தால் நீங்களே வெளியே போய்ப் பேசுங்கள், கிராம சேவையாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் இது பாதி குறையும்.

பேசும் விதம்

இந்த வகுப்பில் கட்டளை கிடையாது. "கையை உயர்த்துங்கள்" என்று யோகா வகுப்பில் நூறு தடவை சொல்வோம். சுற்றிவளைப்பில், சென்றிக் காவலரணில், துவக்குக்கு முன்னால் அதே இரண்டு சொல்லைக் கேட்டவர் உங்கள் முன் உட்கார்ந்திருக்கலாம். முழங்காலில் இருத்துவது, கையைத் தலைக்குப் பின்னால் கோர்ப்பது, கையை முதுகுக்குப் பின்னால் கட்டுவது, குப்புறப் படுக்கவைப்பது, இவற்றையெல்லாம் ஆரம்ப மாதங்களில் விட்டுவிடுங்கள். வரிசையாக நிறுத்துவதும் அப்படித்தான், முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற ஆண்களுக்கு அது யோகா வகுப்பாகத் தெரியாது. அரைவட்டமாக இருங்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியவேண்டும், யாருக்கும் பின்னால் யாரும் நடக்கக்கூடாது, நீங்கள் உட்பட. சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார விரும்புகிறவர் அப்படியே உட்காரட்டும்.

சொல்கிற விதம் இப்படி இருக்கலாம்: "விரும்பினால் வலது கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கோ. தோள் மட்டத்துக்கும் வரலாம், அதற்குக் கீழேயும் நிறுத்தலாம். வேண்டாம் என்றால் மடியிலேயே இருக்கட்டும்." இரண்டு தெரிவு கொடுங்கள், ஐந்து கொடுத்துக் குழப்பாதீர்கள். "வடிவா இருக்கு", "சரியாச் செய்யிறீங்க" என்று மெச்சுவதையும் குறையுங்கள், மெச்சத் தொடங்கினால் உங்களைத் திருப்திப்படுத்தச் செய்யத் தொடங்குவார்கள், எங்கள் பெண்கள் ஏற்கெனவே வாழ்நாள் முழுக்க மற்றவரைத் திருப்திப்படுத்தியவர்கள்தான். அக்கா, அம்மா, தம்பி என்று முறை சொல்லிக் கூப்பிடுவதில் தவறில்லை, வயதுக்கு ஏற்ற மரியாதை போதும்.

தொடுவது கிடையாது. ஒருமுறைகூட, அனுமதி கேட்டும் கிடையாது, ஏனென்றால் எங்கள் ஊரில் ஆசிரியர் கேட்டால் மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் இல்லை. யாராவது உட்கார்ந்தபடி ஒன்றுமே செய்யாமல் முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் வகுப்பில் பங்கெடுத்ததுதான்.

முதல் வகுப்பு

கதிரையில் தொடங்குங்கள், பாயில் வேண்டாம். பிளாஸ்டிக் கதிரை போதும், கைப்பிடி இல்லாதது நல்லது. படுப்பதைவிட உட்கார்ந்திருப்பது பாதுகாப்பாகத் தெரியும், எந்த நேரமும் எழுந்து போகலாம். செயற்கைக்கால் போட்டவர், முழங்கால் தேய்ந்த அம்மா, உடம்பில் இன்னும் ஷெல் துண்டு இருப்பவர், எல்லோருக்கும் கதிரை பொருந்தும். சேலையோ அபாயாவோ சாரமோ உடுத்தபடியே செய்யலாம். இரத்த அழுத்தம், நீரிழிவு, கண்ணில் அழுத்தம், கர்ப்பம், ஏதாவது சத்திரசிகிச்சை இருக்கிறதா என்று தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எப்படிக் காயப்பட்டது என்று கேட்காதீர்கள்.

முதல் ஐந்து நிமிடம் அன்று என்னென்ன செய்யப்போகிறோம் என்று முழுவதையும் சொல்லிவிடுங்கள், எதை வேண்டுமானாலும் விடலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்றும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். கண் திறந்தபடி தரையிலோ எதிர்ச் சுவரிலோ ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பிறகு பாதம். செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் சீமெந்துத் தரையில் வைத்து, குதிக்காலை அழுத்திப் பார்ப்பது, பிறகு விரல்களை அழுத்துவது, மாறி மாறி. தரை குளிராக இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா என்று கவனிக்கலாம். இதில் ஐந்து நிமிடம் செலவழித்தாலும் வீண் இல்லை, பின்னால் யாருக்காவது பதற்றம் வரும்போது திரும்பி வருவதற்கு இந்தப் பாதம்தான் இடம். அடுத்து தோளைக் காதுப் பக்கம் ஏற்றி இறக்குவது, தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பி அறையை ஒரு சுற்றுப் பார்ப்பது, உள்ளங்கை இரண்டையும் சேர்த்து அழுத்தி விடுவது, ஒரு காலை நீட்டி மடக்குவது, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து மெல்லத் திரும்புவது. விரும்புகிறவர்கள் எழுந்து நின்று, கதிரையைப் பிடித்தபடி தாடாசனம் போல நேராக நிற்கலாம். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு மூச்சு நேரம்தான். "இப்போது எங்கே இழுக்கிறது, எங்கே இழுக்கவில்லை?" என்று கேளுங்கள், வாயால் பதில் வரத் தேவையில்லை. என்ன உணர்ச்சி வருகிறது என்று கேட்காதீர்கள், அது வேறு ஆளின் வேலை.

சில கிழமைகள் போனபிறகு கால் பரப்பி நிற்கிற வீரபத்திராசனத்தை, கையை நீட்டாமலே, சொல்லிக்கொடுங்கள். பலமாக நிற்கிற உணர்வு பலருக்குத் தளர்வைவிட அதிகம் தேவைப்படுகிறது. தளர்வு, தளர்வு என்று எல்லோரும் பேசுகிறோம், ஆனால் தளர்ந்தால் ஆபத்து என்று பழகிய உடம்புக்குத் தளர்வே பயம். அதனால்தான் சவாசனத்தையும் முதலில் வைக்கவேண்டாம் என்கிறேன். பெயரே பிணம் போலக் கிடப்பது, பிணங்களைப் பார்த்தவர்களிடம் போய் அதைச் சொல்வதா? கடைசியில் ஓய்வு வேண்டும் என்றால் கதிரையில் சாய்ந்து உட்கார்வது, மேசையில் கையை வைத்து அதில் தலை வைப்பது, சுவரில் சாய்வது போதும். காலை அகட்டுகிற பத்தகோணாசனம், நாலுகால் விலங்கு போல நிற்கிறவை, இடுப்பைத் தூக்குகிறவை, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இவை கடினம், யார் அப்படி என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே எல்லோருக்கும் விட்டுவிடுங்கள்.

மூச்சு

ஆசிரியர்கள் அதிகம் அவசரப்படுவது இதில்தான். கபாலபாதி, பஸ்திரிகா இரண்டும் வேண்டாம், வேகமாக மூச்சு விடுவது பதற்றம் வரும்போது உடம்பு தானாகச் செய்வதுதான், அதை நீங்கள் வேறு ஊதிப் பெருக்கவேண்டியதில்லை. கும்பகமும் வேண்டாம். சுனாமியில் தண்ணீருக்குள் போய் வந்தவருக்கு மூச்சை அடக்குவது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

முதல் சில வகுப்புகளில் மூச்சைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடலாம், அசைவோடு அது தானாக வரும். பிறகு, மூக்கால் எடுத்து, சூடான தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெல்ல வெளியே விடுவது. எல்லோருக்கும் தெரிந்த காரியம், பயமுறுத்தாது. மூன்று எண்ணி எடுத்து ஐந்து எண்ணி விடலாம், எண்ணிக்கை பிடிக்காதவர்கள் எண்ணவேண்டாம். தலை சுற்றினாலோ விரல் விறைத்தாலோ வழக்கமான மூச்சுக்குத் திரும்பச் சொல்லுங்கள். பிராமரியும் நல்லது, காதைப் பொத்தாமல், வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுவது. தாலாட்டுப் பாடிய வாய்களுக்கு அது புதிதல்ல.

ஓம் சொல்லலாமா என்ற கேள்வி திருகோணமலையில் கட்டாயம் வரும், குழுவில் மூவினமும் இருந்தால் முதல் நாளே வரும். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது: சைவர் ஓம் சொல்லட்டும், முஸ்லிம்கள் இறைவன் பெயரை நினைத்து ஓதும் திக்ர் செய்யட்டும், கத்தோலிக்கர் செபத்தை, பௌத்தர் தங்கள் சரணத்தை, அவரவருக்குச் சின்ன வயதிலிருந்து ஆறுதலாக இருந்த சொல்லையே மூச்சோடு சேர்த்துக்கொள்ளட்டும். மனசுக்குள் சொன்னால் போதும். கலந்த குழுவில் நீங்கள் உரக்க எதையும் சொல்லாதீர்கள், சூரிய நமஸ்காரம், கைகூப்பி நமஸ்தே எல்லாம் விட்டுவிடுங்கள். கிண்ணியாவிலோ மூதூரிலோ நடத்துவது என்றால் பள்ளிவாசல் ஆட்களிடமும் ஊர்ப் பெரிய பெண்களிடமும் முதலில் பேசி, இது உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும்தான் என்று காட்டிவிட்டுத் தொடங்குங்கள். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு முன் முடித்துவிடுங்கள்.

யாராவது உறைந்துபோனால்

இரண்டு விதமாக வரும். ஒன்று, மூச்சு வேகமாகும், வியர்க்கும், கண் அலையும், எழுந்து ஓடப் பார்ப்பார். மற்றது கவனிக்காவிட்டால் தெரியாது: பார்வை எங்கேயோ நிலைக்கும், கூப்பிட்டால் பதில் தாமதமாக வரும், கை குளிர்ந்துவிடும், மிக அமைதியாக இருப்பார். நல்ல தியானத்தில் இருக்கிறார் என்று ஆசிரியர் மகிழ்ந்துவிடக்கூடாது.

இரண்டுக்கும் முதலில் பயிற்சியை நிறுத்துங்கள். தொடாமல், அவருக்கு முன்னால், ஒரு கை தூரத்துக்கு அப்பால், அவர் உயரத்துக்கு உட்கார்ந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "அக்கா, நான் இங்கே இருக்கிறேன். இன்று செவ்வாய்க்கிழமை. நாங்கள் முன்பள்ளியில் இருக்கிறோம். காலைத் தரையில் அழுத்த ஏலுமா?" அறையில் தெரிகிற நீல நிறப் பொருட்களைச் சொல்லச் சொல்லலாம், குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுக்கலாம், முகம் கழுவி வரலாம். ஆழமாக மூச்சு எடுங்கள் என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். என்ன ஞாபகம் வந்தது என்றும் கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள், கிண்டாதீர்கள். மற்றவர்களுக்கு உங்கள் உதவியாளர் பாத அசைவை நடத்திக்கொண்டிருக்கட்டும், ஆகவே உதவியாளர் ஒருவர் இல்லாமல் இந்த வகுப்பைத் தொடங்கவே கூடாது. அன்று அவர் தனியாக வீட்டுக்குப் போகக்கூடாது.

அழுகை வேறு. அழுதால் அழட்டும், எல்லோரும் ஓடிப்போய்த் தண்ணி கொடுத்து நிறுத்தத் தேவையில்லை.

எது உங்கள் வேலை இல்லை

சாக நினைக்கிறேன் என்று யாராவது சொன்னால், குரல் கேட்கிறது என்றால், பல நாள் நித்திரையும் சாப்பாடும் இல்லை என்றால், வீட்டில் இப்போதும் அடி விழுகிறது என்றால், ஆசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். திருகோணமலை பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு, அல்லது பிரதேச செயலக உளவளத்துணையாளரிடம், முடிந்தால் கூடவே போங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926, தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். இந்த இலக்கங்களைச் சுவரில் பெரிதாக ஒட்டி வையுங்கள், யாரும் உங்களிடம் கேட்டு எடுக்கவேண்டிய நிலை வரக்கூடாது.

இன்னொன்று முக்கியம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு 2017இலிருந்து வீதியில் உட்காரும் தாய்மார் இங்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள், மனதை அமைதிப்படுத்துங்கள்" என்று யோகாவைக் கொண்டுபோகாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது பதில், அது உங்களிடம் இல்லை. முழங்கால் நோவுக்கும் நித்திரைக்கும் உங்களால் உதவ முடியும், அதைச் செய்யுங்கள். போராட்டத்துக்குப் போகிறதற்கு உடம்பில் தெம்பு வரட்டும் என்று ஒரு அம்மா வந்தால் அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுனாமி வந்த டிசம்பர் 26, போர் முடிந்த மே 18, 83 கலவரம் நடந்த ஜூலைக் கடைசி, ஊருக்கு ஊர் தனித்தனியாகவும் நாட்கள் உண்டு. அந்தக் கிழமைகளில் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்காமல், பழகிய பாத அசைவும் தேத்தண்ணியுமாக முடித்துக்கொள்ளலாம்.

உங்களையும் யாராவது பார்க்கவேண்டும். நீங்களும் இதே ஊர்தானே, இதே சத்தங்களைக் கேட்டுத்தானே வளர்ந்தீர்கள். மாதம் ஒருமுறையாவது ஓர் உளவளத்துணையாளரோடோ இதே வேலை செய்யும் இன்னொருவரோடோ உட்கார்ந்து பேசுங்கள், வருகிறவர்களின் பெயரைச் சொல்லாமல்.

கடைசியாக, வராமல் விடுகிறவர்கள். நிச்சயம் விடுவார்கள், சில நேரம் நன்றாகச் செய்துகொண்டிருந்தவரே விடுவார். ஒரேயொரு தடவை போன் எடுத்து, "வரச் சொல்லி எடுக்கவில்லை அக்கா, செவ்வாய்க்கிழமை கதிரை இருக்கும், அதைச் சொல்லத்தான்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். வீடு தேடிப் போகாதீர்கள், பக்கத்து வீட்டில் விசாரிக்காதீர்கள். மாட்டேன் என்று சொல்வதையும்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தீர்கள். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் வந்து வாசல் பக்கக் கதிரையில் உட்கார்ந்தால், ஏன் வரவில்லை என்று கேட்காமல் பாத அசைவிலிருந்து தொடங்குங்கள்.